கடைமடைக்கு வந்த கம்பி

வாய்க்கால் பாசனம் பண்றவங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்குதுங்க: கடைமடை. வாய்க்காலோட கடைசி மடை. அணை தொறந்த மறுநாளே பேப்பர்ல படம் வந்துரும். ஆனா கடைமடைக்காரர் வயலுக்கு அந்தத் தண்ணி வந்து சேர இன்னும் பல நாள் ஆகும். சில போகத்துக்கு வராமயே போயிரும். எங்க அவிநாசிப் பக்கம் வாய்க்கால் கிடையாது. வடகிழக்க கீழ்பவானி வாய்க்கால், தெக்க பிஏபி வாய்க்கால், நடுவுல நாங்க. கிணறும் போரும் மழையும்தான் எங்களுக்கு. ஆனா பொண்ணு குடுத்தது, எடுத்தது பாதி வாய்க்கால் ஊருங்கறதால அந்த வார்த்தை எங்க வீட்டுலயும் புழங்கும்.

இன்டர்நெட்டும் ஒரு வாய்க்கால்தான். டவுன்ல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க கேப்பாங்க, "இப்பத்தான் ஆடு மேய்க்கறவர் கையில கூட போன் இருக்குதே, இன்னும் உங்களுக்கு என்ன குறை?" அப்படின்னு. கேக்கறதுல தப்பில்லீங்க. அணை தொறந்த படத்தைப் பாத்தவங்க அப்படித்தான் கேப்பாங்க. கம்பி ஊருக்கு வந்த கதை வேற, வீட்டுக்கு வந்த கதை வேற. ரெண்டையும் இன்னைக்கு எழுதறேன். கொஞ்சம் பழசுல இருந்து ஆரம்பிக்கணும்.

ஊரு ஒரு பக்கம், சாளை ஒரு பக்கம்

முதல்ல எங்க ஊரு அமைப்பு புரியணும். தஞ்சாவூர்ப் பக்கம் போனீங்கன்னா ஊருன்னா தெருவு. வீடு வீடா ஒட்டி நூறு வீடு ஒரே வரிசையில இருக்கும், வயல் வெளியில இருக்கும். கொங்கு நாட்டுல அப்படி இல்லை. ஊருக்குள்ள கொஞ்சம் வீடு இருக்கும். மிச்சம் பேர் அவங்கவங்க தோட்டத்துலயே சாளை போட்டுக் குடியிருப்பாங்க. சாளைன்னா தோட்டத்து வீடு. கிணத்துல ராத்திரி தண்ணி எடுக்கணும், மாடு கண்ணு பாக்கணும், அதனால அப்படி. எங்க சாளைக்கும் பக்கத்துச் சாளைக்கும் நடுவுல கால் கிலோமீட்டர் சோளக்காடு.

கம்பி இழுக்கறவங்களுக்கு இதுதான் தலைவலி. தெருவுல நூறு மீட்டர் கம்பி இழுத்தா இருபது வீடு கிடைக்கும். எங்க பக்கம் நூறு மீட்டருக்கு அரை வீடு கூடக் கிடைக்காது. கரண்ட் கம்பி, போன் கம்பி, கேபிள் டிவி, இப்ப ஃபைபர், எது வந்தாலும் கணக்கு இங்கதான் இடிக்கும்.

கரண்ட் கம்பி சொல்லிக் குடுத்தது

எங்க பகுதிக்கு மொதமொத வந்த கம்பி தந்திக் கம்பி. சென்னையில இருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862-ல முடிஞ்சது. திருப்பூர் வழியா, போத்தனூர் வழியா போற பாதை. ரயில் ஓடணும்னா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சேதி சொல்லணும், அதுக்குத் தந்தி. தண்டவாளம் போன வழியில தந்தியும் போச்சு. அவிநாசிக்குள்ள ரயில் வரலை. இன்னைக்கும் நாங்க ரயில் ஏறணும்னா திருப்பூர்தான் போகணும். ஒரு கம்பி ஏற்கெனவே போட்ட பாதையில்தான் அடுத்த கம்பி வரும்ங்கறதை இங்க குறிச்சு வச்சுக்குங்க. கடைசி வரைக்கும் அதே கதைதான்.

அடுத்தது கரண்ட். நீலகிரியில பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்சது. கோயமுத்தூர் மில்லுகள் பெருகினது அந்தக் கரண்டுலதான். அப்புறம் மெதுவா கிராமத்துக்கு வந்துச்சு. எங்க அப்பாரு காலத்துல கிணத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி எறைப்பாங்க. ரெண்டு மாடு, ஒரு தோல் பறி, விடியக்காலம் மூணு மணிக்கு ஆரம்பிக்கற வேலை. மோட்டார் வந்ததும் அது போச்சு. சாளைக்குக் கரண்ட் வந்ததே கிணத்துனாலதான். வெளக்கு எரியணும்னு யாரும் தோட்டத்துக்குள்ள பத்துப் போஸ்ட் நட்டிருக்க மாட்டாங்க. மோட்டார் ஓடணும்னுதான் நட்டாங்க. மோட்டாருக்கு வந்த கம்பியில வெளக்கும் எரிஞ்சது.

கம்பி வந்தா மட்டும் போதுமா? கட்டணம் கட்டுபடியாகணும். 1970-ல மின்கட்டண உயர்வை எதிர்த்து கோவை ஜில்லா விவசாயிங்க போராடினாங்க. அந்த வருசம் ஜூன் 19-ந் தேதி, எங்களுக்குப் பக்கத்துல இருக்கற பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு விவசாயிங்க செத்தாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டிகளைக் கொண்டு போய் கோயமுத்தூரையே நிறுத்தினாங்க. எங்க அய்யன் அதைச் சொல்லும்போது வண்டிகளோட எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் கூடிட்டே போகும். எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் 1990-ல வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க தோட்டத்துல நிக்கற கரண்ட் போஸ்ட் சும்மா நிக்கற சிமென்ட் கம்பம் இல்லீங்க. அதுக்குப் பின்னால ஒரு தலைமுறையோட சண்டை இருக்குது. இன்னைக்கு இன்டர்நெட் தொங்கறதும் அதே போஸ்ட்லதான்.

போன் வந்த கதை

எனக்கு விவரம் தெரிஞ்சப்ப எங்க ஊர்ல போன் கிடையாது. யாராவது தவறிப் போனா சொந்தக்காரங்களுக்குச் சொல்ல சைக்கிள்ல ஆள் போகும். தூரத்து ஊருன்னா தந்தி. அந்தத் தந்தி சேவையை 2013 ஜூலையிலதான் நிறுத்தினாங்க.

கிராமத்துக்குப் போன் வரக் காரணம் 1984-ல ஆரம்பிச்ச சி-டாட் நிறுவனம். சாம் பிட்ரோடா முன்னால நின்னு நடத்தினார். வெளிநாட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் குளிர்சாதன ரூம்புல வச்சாத்தான் ஓடும். நம்ம கிராமத்துல ஃபேன் ஓடறதே அன்னைக்குப் பெருசு. நம்ம வெயிலுக்கும் தூசிக்கும் தாக்குப் பிடிக்கற சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒண்ணை இவங்க பண்ணினாங்க. 128 போர்ட். குளிர்சாதனம் வேண்டாம். அதுல முதலாவதை 1986-ல கர்நாடகாவுல கிட்டூர்ல வச்சாங்க. பிறகு நாடு பூராப் பரவுச்சு.

அதோட கூட வந்தது எஸ்டிடி பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, நிமிசம் ஓட ஓடக் காசு காட்டற சிவப்பு எண்ணு. பூத்துக்காரருக்குக் கமிசன் உண்டு. அதனால ராத்திரி பத்து மணிக்குத் தட்டினாலும் தொறப்பார். லைன் செத்துப் போனா அவரே எக்ஸ்சேஞ்சுக்குப் போய் உக்காந்துக்குவார். அவர் பொழப்பு அதுல இருந்துச்சு. இதையும் குறிச்சு வச்சுக்குங்க.

மேலூரும் புதுச்சேரியும்

பொதுமக்களுக்கான இன்டர்நெட் இந்தியாவுக்கு 1995 ஆகஸ்ட் 15-ல வந்துச்சு. சென்னை மாதிரி சில பெரிய ஊர்ல மட்டும். போன் லைன்லயே டயல் பண்ணி உள்ள போகணும். கிராமத்துக்கு அது எட்டாக்கனி.

ஆனா தமிழ்நாட்டுல அப்பவே ரெண்டு மூணு பேர் வேற மாதிரி யோசிச்சாங்க. சென்னை ஐஐடியில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவோட குழு கார்டெக்ட்ங்கற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்குச்சு. ஊருக்கு ஊரு செம்புக் கம்பி புதைக்கற செலவுதான் பெருசு, அதை எடுத்துட்டா கிராமத்துக்கும் கட்டுபடியாகும்ங்கறது அவங்க கணக்கு. ஒரு கோபுரம், சுத்தி பத்து கிலோமீட்டர். பேசிக்கிட்டே நெட்டும் பாக்கலாம். வேகம் 35-ல இருந்து 70 கிலோபிட். இன்னைக்கு அது ஒண்ணுமில்லை. அன்னைக்கு அது பெருசு.

அதை வச்சு 2001-ல மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு முயற்சி நடந்துச்சு. ஊர்ல ஒருத்தருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. அவர் கடை மாதிரி நடத்தணும். கண்ணுல புரை விழுந்த கிழவியைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. பாத்துட்டு, வரணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்வார். பஸ் காசு மிச்சம். நல்ல யோசனைதானுங்க. ஆனா சில வருசத்துல பெரும்பாலான கடைகள் மூடிப் போச்சு. ஆராய்ச்சி பண்ணினவங்க சொன்ன காரணம் முக்கியமா ரெண்டு. கடை நடத்தறவருக்குக் கையில காசு நிக்கலை. ஆர்வமா இருந்த அதிகாரிங்க மாறிப் போனதும் அரசாங்கச் சேவைகளும் நின்னு போச்சு. கருவி கெட்டுப் போனதால மட்டும் மூடலை.

புதுச்சேரியில எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல கிராம அறிவு மையம்னு ஆரம்பிச்சது. வில்லியனூர் மையத்துல இருந்து ஊர்களுக்குச் சேதி போகும். வீராம்பட்டினம் மீனவருங்களுக்கு அலை எவ்வளவு உயரம் அடிக்கும்னு அமெரிக்கக் கடற்படையோட வலைத்தளத்துல பாத்து, தமிழ்ல எழுதி, ஒலிபெருக்கியில படிச்சாங்க. கடல்ல எறங்கறவருக்கு கம்ப்யூட்டர் தெரியணும்னு அவசியமில்லை, காது கேட்டாப் போதும். 2004 சுனாமி அன்னைக்கு நல்லவாடு மீனவ ஊர்ல, சிங்கப்பூர்ல இருந்து வந்த போன் சேதியை அந்த ஒலிபெருக்கியிலதான் சொன்னாங்க. ஊரே மேட்டுக்கு ஓடித் தப்பிச்சது.

மேலூர்ல நின்னு போச்சு, புதுச்சேரியில ஊரைக் காப்பாத்துச்சு. ரெண்டுலயும் நெட்டோட வேகம் இன்னைக்குக் கணக்குல ஆமை வேகம்தான். வித்தியாசம் எங்க இருந்துச்சுன்னா, கம்பியோட இந்த நுனியில நின்னவருக்கு ஒத்தாசை தொடர்ந்து கிடைச்சதா இல்லையாங்கறதுல.

செம்புக் கம்பியில பிராட்பேண்டு

2004-ல மத்திய அரசு பிராட்பேண்டு கொள்கைன்னு ஒண்ணு போட்டுச்சு. 256 கிலோபிட் இருந்தா அது பிராட்பேண்டு. 2005 ஜனவரியில பிஎஸ்என்எல் போன் லைன்லயே அந்தச் சேவையைக் குடுக்க ஆரம்பிச்சது.

ஒரே கம்பியில பேச்சும் நெட்டும் எப்படிப் போகும்னா, மனுசக் குரலுக்குக் கம்பியோட கீழ் அலைவரிசையில கொஞ்சம் இடம் போதும். மேல இருக்கற இடம் சும்மா கிடக்குது. அந்த இடத்துல நெட்டை அனுப்பினாங்க. வீட்டுல ஒரு சின்ன டப்பா ரெண்டையும் பிரிச்சு விடும். ஏடிஎஸ்எல்னு பேரு. தார் ரோட்டுல காரும், ஓரத்துல மாட்டு வண்டியும் போற மாதிரி.

ஆனா செம்புக் கம்பிக்கு ஒரு குணம். தூரம் போகப் போக மேல் அலைவரிசை தேஞ்சு போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு நல்லா வரும். மூணு நாலு கிலோமீட்டர் தாண்டினா இழுவைதான். சாளைங்க எல்லாம் அந்தத் தூரத்துலதான் இருந்துச்சு. மழைக்காலத்துல இணைப்புப் பெட்டியில தண்ணி பூந்துரும். இடி இறங்குச்சுன்னா கம்பி வழியா வந்து மோடத்தைச் சுட்டுட்டுப் போயிரும். அதுக்கும் மேல செம்புத் திருடங்க. செம்பு விலை ஏற ஏற, ராத்திரியில கேபிளைத் தோண்டி எடுத்து உருக்கி வித்தாங்க. ஊரே ஒரு வாரம் ஊமையாக் கிடக்கும். ஒவ்வொரு வீடா லேண்ட்லைனை ஒப்படைச்சாங்க. கையில செல்போன் வந்துருச்சுல்ல.

டவர் போதும்னு நெனச்ச காலம்

2016 செப்டம்பர் 5-ல ஜியோ வந்துச்சு. அது வரைக்கும் ஒரு ஜிபி வாங்கி மாசம் பூரா எண்ணி எண்ணிச் செலவு பண்ணிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் தினம் ஒரு ஜிபி, ஒண்ணரை ஜிபின்னு ஆச்சு. மத்த கம்பெனிகளும் விலையைக் குறைச்சாங்க. ஊர்க் கதையே மாறுச்சு. மாட்டுச் சந்தைக்குப் போகாமயே மாட்டைப் படத்துல பாத்து விலை பேசினாங்க. தேங்காய் விலை, மஞ்சள் விலை எல்லாம் வாட்ஸ்அப்புல வந்துச்சு. அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது.

ஆனா டவர்ங்கறது பொதுக் கிணறு மாதிரி. அதுல வர்ற நெட்டை அந்த நேரத்துல இறைக்கற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். பகல்ல தனியா இருந்தா நல்லா வரும், சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் இறைச்சா சேறுதான். டவருக்கே ஃபைபர் வரலைன்னா இன்னும் மோசம். நடுவுல ஒரு தென்னந்தோப்பு இருந்தாலும் சிக்னல் தடுமாறும். எங்க பக்கம் தென்னந்தோப்புக்கா பஞ்சம்?

2020-ல ஊரடங்கு வந்து பள்ளிக்கூடம் பூட்டினப்பத்தான் இது உறைச்சது. அரசாங்கம் கல்வித் தொலைக்காட்சியில பாடம் நடத்துச்சு, அது டிவி இருக்கற வீட்டுக்கு உதவுச்சு. தனியார் பள்ளிக்கூடம், காலேஜு எல்லாம் ஆன்லைன். எங்க ஊர்ல ஒரு பொண்ணு, இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்தவ, தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்து வெயில்ல குடை பிடிச்சுட்டு கிளாஸ் கவனிச்சா. அதே கிளாஸ்ல கோயமுத்தூர் பிள்ளைங்க வீட்டுல உக்காந்து கவனிச்சாங்க. பரீட்சை ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அதுக்கு ஒரு வருசம் முன்னாலதான், 2019-ல, காலேஜ் விடுதியில பொண்ணுங்க போன் பயன்படுத்தத் தடை போட்ட வழக்குல, இன்டர்நெட் கிடைக்கறது கல்வி உரிமையில சேரும்னு கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு. தொட்டி மேல உக்காந்திருந்த பொண்ணுக்கு அது தெரியாது.

கண்ணாடி நூல்

ஃபைபர்ங்கறது கண்ணாடி நூல். உள்ள இருக்கற கண்ணாடி தலைமுடி கனம்தான். ஒரு முனையில வெளிச்சத்தை அனுப்பினா அது வெளிய சிதறாம உள்ளயே மோதி மோதி மறு முனைக்குப் போயிரும். இதைக் கண்டுபிடிச்ச கதையே தண்ணியில இருந்துதான் ஆரம்பிக்குது. 1840-கள்ல ஜெனீவாவுல கொலடான்னு ஒரு விஞ்ஞானி, தொட்டியில இருந்து வளைஞ்சு விழற தண்ணிக்குள்ள வெளிச்சத்தை விட்டுப் பாத்தார். தண்ணி வளைஞ்ச பக்கமே வெளிச்சமும் வளைஞ்சு போச்சு. 1950-கள்ல லண்டன்ல இருந்த நம்ம பஞ்சாபுக்காரர் நரிந்தர் சிங் கபானி கண்ணாடி நூல் கட்டு வழியாப் படத்தையே அனுப்பிக் காட்டினார். 1966-ல சார்லஸ் காவோ, கண்ணாடியில இருக்கற கலப்படத்தை எடுத்துட்டா வெளிச்சம் பல கிலோமீட்டர் போகும்னு எழுதினார். 1970-ல அமெரிக்காவுல கார்னிங் கம்பெனி அந்தக் கண்ணாடியை உருக்கி எடுத்துச்சு. காவோவுக்கு 2009-ல நோபல் பரிசு.

இன்னைக்கு வர்ற நல்ல ஃபைபர்ல ஒரு கிலோமீட்டருக்கு நூத்துல அஞ்சு பங்கு வெளிச்சம் கூடக் குறையறதில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கற சாளைக்கும் டவுன் வீட்டு வேகமே வரும். இடி தாக்காது, கண்ணாடியில கரண்ட் பாயாதுல்ல. பழைய இரும்புக் கடையில கண்ணாடி நூலை எவரும் வாங்க மாட்டாங்க, அதனால திருட்டும் இல்லை.

சொட்டு நீர்ப் பாசனம் பாத்திருப்பீங்க. ஃபைபர் அதே மாதிரிதான். தலைப்பகுதியில ஒரு எந்திரம். அங்கிருந்து மெயின் பைப்பு மாதிரி ஒரு நூல். வழியில கரண்டே தேவைப்படாத ஒரு சின்னப் பிரிப்பான், அதுல வெளிச்சம் 32, 64 பங்காப் பிரியும். ஒவ்வொரு பங்கும் லேட்டரல் பைப்பு மாதிரி ஒரு வீட்டுக்கு. சுமாரா இருபது கிலோமீட்டர் வரைக்கும் இப்படிக் கொண்டு போகலாம். பரந்து கிடக்கற கொங்குச் சாளைகளுக்காகவே பண்ணின மாதிரி இருக்குது.

பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும்

நாடு பூரா 2,50,000 ஊராட்சிக்கு ஃபைபர் கொண்டு போறதுன்னு மத்திய அரசு 2011 அக்டோபர்ல முடிவு பண்ணுச்சு. ரெண்டு வருசத்துல முடியும்னாங்க. பின்னால அதுக்கு பாரத்நெட்னு பேர் வச்சாங்க. முதல் லட்சம் ஊராட்சி முடிஞ்சதே 2017 டிசம்பர்லதான்.

தமிழ்நாடு இதைத் தானே செய்யறதுன்னு 2018-ல டான்ஃபினெட்னு ஒரு கழகம் ஆரம்பிச்சது. 12,525 ஊராட்சிக்கும் ஒரு ஜிபிபிஎஸ் வேகம்னு திட்டம். டெண்டர் விட்டாங்க, புகார் கிளம்பி 2020-ல அது ரத்தாச்சு. மறுபடி டெண்டர் விட்டு, வேலை ஆரம்பிச்சு, பெரும்பகுதி கேபிளைக் கரண்ட் போஸ்ட் மேலயே இழுத்தாங்க. மண்ணுக்குள்ள புதைக்கறதை விட இது சீக்கிரம், செலவும் கம்மி. ஆந்திராவும் கேரளாவும் பண்ணினதும் இதேதான். கேரளாவோட கே-ஃபோன் 2023 ஜூன்ல தொடங்குச்சு.

கொங்கு விவசாயிங்களுக்கு இதுல ஒரு நிம்மதி. தோட்டத்துக்குள்ள யார் அளவுகோலோட வந்தாலும் எங்காளுங்களுக்கு இப்ப பதட்டம்தான். கெயில் எரிவாயுக் குழாயை விளைநிலத்துல பதிக்க வந்து 2013-ல ஏழு மாவட்டத்துலயும் பெரிய போராட்டம் நடந்துச்சு. உயர்மின் கோபுரத்துக்கும் அப்படியே. ஃபைபர் ரோட்டோரமா, இருக்கற போஸ்ட்லயே போயிருது. யார் நிலத்தையும் அது கேக்கலை.

சரி, ஊராட்சி ஆபீசுக்கு வந்துருச்சு. அப்புறம்? அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அறுவது வருசத்துக்கு மேல கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்கி வச்சாங்க. பவானி ஆத்துத் தண்ணி குழாய் வழியா 1,045 குளம் குட்டைக்கு வருது. குளத்துக்கு வந்த தண்ணி மண்ணுல ஊறி, எங்க கிணத்துக்குத் தானா வரும். ஃபைபர் அப்படி ஊறாது. ஊராட்சி ஆபீஸ்ல பீரோ மாதிரி ஒரு பெட்டி, அதுல பச்சை வெளக்கு மினுக்குனா அது அங்கயேதான் மினுக்கும். அங்கிருந்து சாளைக்கு யாராவது கொண்டு வந்தாத்தான் உண்டு.

லஸ்கர் யாரு?

வாய்க்கால் ஊர்ல லஸ்கர்னு ஒருத்தர் இருப்பார். நீர்வளத்துறை ஆளு. மடை தொறக்கறது, அடைக்கறது, கரை உடைஞ்சா சேதி சொல்றது அவர் வேலை. எந்த வயலுக்கு எப்பத் தண்ணி போச்சுன்னு அவருக்கு மனப்பாடம். அணை கட்டின இன்ஜினியரை விட கடைமடைக்காரருக்கு லஸ்கர்தான் முக்கியம்.

எங்க பக்கம் இன்டர்நெட்டுக்கு லஸ்கர் வேலை பாக்கறது கேபிள் டிவிக்காரருங்க. 1990-கள்ல டிஷ் வச்சு, மரத்துக்கு மரம் ஒயர் கட்டி டிவி குடுத்தாங்களே, அவங்களேதான். டிவிக்குக் கூட்டம் குறைஞ்சதும் ஃபைபர் ஒட்டற மெசின் வாங்கிட்டு நெட் குடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க சாளை கடைசிப் போஸ்ட்ல இருந்து 900 மீட்டர். ஒரு பெரிய கம்பெனிக்குப் போன் பண்ணினேன், "உங்க ஏரியா சேவையில இல்லை"ன்னு ரெக்கார்டு பேசுச்சு. கேபிள்காரர் நேர்ல வந்தார். "ஏழு வீடு சேத்திக் குடுங்க, நான் இழுத்துத் தர்றேன்"னார். வேலியோரச் சாளைக்காரங்க ஏழு பேர் சேந்தோம். கேபிள் காசை நாங்க போட்டோம், கம்பத்துக்குப் பதிலா தென்னை மரம் நின்னுச்சு. ரெண்டு நாள்ல நெட் வந்துருச்சு.

அது கூட ஓயற வேலை இல்லீங்க. அணில் கடிச்சுரும். சோளத்தட்டு ஏத்தின வண்டி மேல ஒயரை இழுத்துட்டுப் போயிரும். தென்னை மட்டை விழுந்து அறுந்துரும். அப்பல்லாம் அவர் பையன் பைக்ல ஏணியைக் கட்டிட்டு வருவான். எஸ்டிடி பூத்துக்காரர் சொன்னனே, அதே கதை. அவன் பொழப்பு இதுல இருக்குது, அதனால வர்றான்.

அமெரிக்காவுலயும் இதே மாதிரி நடந்திருக்குது. 1930-கள்ல அங்க பண்ணை வீடு நூத்துக்குப் பத்துலதான் கரண்ட் இருந்துச்சு. தூரமா இருக்கற வீட்டுக்குக் கம்பி இழுத்தா லாபம் வராதுன்னு கம்பெனிங்க கைவிட்டாங்க. 1935-ல அரசாங்கம் கடன் குடுத்துச்சு, விவசாயிங்களே கூட்டுறவு சங்கம் வச்சு கம்பி இழுத்துக்கிட்டாங்க. அந்தச் சங்கங்கள்ல பலது இன்னைக்கு அதே போஸ்ட்ல ஃபைபர் இழுத்து நெட் குடுக்குது. நம்ம மத்திய அரசும் 2023 ஆகஸ்ட்ல பாரத்நெட்டைத் திருத்தினப்ப ரெண்டு வேலை பண்ணுச்சு. நேர்கோடா இருந்த ஃபைபரை வளையமா மாத்தறது ஒண்ணு. ஒரு இடத்துல அறுந்தா மறு பக்கமாச் சுத்தி வந்துரும். அடுத்தது, வீட்டுக்குக் கொண்டு போற வேலையை உள்ளூர்த் தொழில்முனைவோருகிட்ட வருமானப் பங்குக்கு விடறது. அதாவது, லஸ்கர் வேணும்னு ஒத்துக்கிட்டாங்க. மேலூர்ல 20 வருசம் முன்னாலயே தெரிஞ்ச விசயம்.

இனிமேல் வானத்துல இருந்தே நெட் வரும்ங்கறாங்க. பழைய செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்துச்சு, பேசினா பதில் வர நேரமாகும். இப்ப ஸ்டார்லிங்க் மாதிரி கம்பெனிங்க 550 கிலோமீட்டர் உயரத்துல ஆயிரக்கணக்குல சுத்த விடறாங்க. மலைக்கும் தீவுக்கும் அது நல்லது. ஆனா அந்தமானுக்கே கடைசியில சென்னையில இருந்து கடலுக்கடியில 2,300 கிலோமீட்டர் கேபிள்தான் 2020-ல போச்சு. போஸ்ட் வரைக்கும் ஃபைபர் வந்து நிக்கற எங்களுக்கு 900 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

இப்ப ஏன் அவசரம்

முன்னெல்லாம் நெட் இல்லைன்னா படம் பாக்க முடியாது, அவ்வளவுதான். இப்ப பட்டா சிட்டா நெட்ல. உழவன் செயலியில மானியத்துக்குப் பதியணும். 2025-ல விவசாயி அடையாள எண்ணுன்னு வந்துச்சு, அதுக்கும் நெட்லதான் பதிவு. நெலம் இருக்குதா இல்லையாங்கறதையே நெட்தான் சொல்லுது. பதிய முடியாத கிழவர் ரெண்டு பஸ் மாறிப் போய் அடுத்தவங்க கையில ஆதாரும் ஓடிபியும் குடுத்துட்டு நிக்கறார்.

இன்னொரு பக்கமும் இருக்குது. எங்க ஊர்ல ரெண்டு பசங்க பெங்களூர்க் கம்பெனி வேலையைச் சாளையில உக்காந்தே பாக்கறாங்க. காலையில மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போட்டுட்டு ஒம்பது மணிக்கு லேப்டாப் தொறக்கறான் ஒருத்தன். அவன் அய்யனுக்கு வயசு எழுவது. போர் 1,000 அடிக்குக் கீழ போயாச்சு, வெள்ளாமை ஒருத்தரைக் காப்பாத்தறதே கஷ்டம். அந்த ஒயர் இல்லைன்னா அவன் டவுனுக்குப் போயிருப்பான், நெலத்துக்கு சைட் போர்டு நட்டிருப்பாங்க. திருப்பூர் ரோட்டுல இப்படி நட்டது எத்தனைன்னு நீங்க வர்ற வழியில எண்ணிப் பாருங்க.

டவுன்ல இருந்துட்டு ஊர்ல நெலமும் பெத்தவங்களும் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு சேதி. அடுத்த தடவை வரும்போது உங்க ஊராட்சி ஆபீசுக்கு ஒரு நடை போய், ஃபைபர் பெட்டி வந்துருச்சா, வெளக்கு எரியுதா, வீட்டுக்கு இழுத்துத் தர்றது யாருன்னு கேளுங்க. கிராமசபையில எழுதிக் குடுங்க. பக்கத்துச் சாளைக்காரங்க நாலு பேரைச் சேருங்க. தனியா ஒருத்தர் கேட்டா "சேவையில இல்லை"ம்பாங்க, ஏழு வீடு சேந்து கேட்டா ஆள் ஏணியோட வருவாங்க.

மஞ்சள் வெட்டு இருக்குது. முடிஞ்சதும் அடுத்தது எழுதறனுங்க.